ஆண்களை அழவைக்கும் அப்பா படம்

அழுதால் ‘கண்ணில் தூசி’ என்று சமாளிக்கும் ஆண்களையும் கலங்க வைக்கும் படம், சேரன் இயக்கி 2005இல் வெளிவந்த ‘தவமாய் தவமிருந்து’.

அதில் சிறிய அச்சகம் நடத்தும் தந்தையாக ராஜ்கிரண் நடித்திருப்பார். கடன்பட்டு இரு மகன்களைப் படிக்க வைப்பார். வீட்டை விட்டுப் போன இளைய மகன் சென்னையில் வறுமையில் தவிக்கும்போது, கோபத்தை ஒதுக்கிவிட்டு அவனைத் தேடி வருவார்.

இங்கே கண்ணீரை வரவழைப்பது மரணக் காட்சி மட்டுமல்ல. அந்தத் தந்தை தம் பாரத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டுவதில்லை. அவர் சொல்லாததை, படம் பார்ப்பவர் தம் அப்பாவின் நினைவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்.

கதையை நாம் மகனின் பார்வையில்தான் பார்க்கிறோம். அவனும் தந்தையான பிறகே அப்பாவை முழுமையாக உணர்கிறான். அதனால்தான் இருபது வயதில் சாதாரணமாகப் பார்த்த அதே காட்சி, நாற்பது வயதில், பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கணக்குப் போடும் காலத்தில், தொண்டையை அடைக்கிறது.

திரையரங்கின் இருட்டும் கைகொடுக்கிறது. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்டால் கதைக்காக அழுததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால், அப்பாவிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகளும் அந்தக் கண்ணீரில் இருக்கின்றன. அவர் இன்னும் இருக்கிறார் என்றால், படம் முடிந்ததும் அழைத்துப் பேசுங்கள். “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டாலே போதும்.