ஓடாத காருக்கும் தேய்மானம் உண்டு!

விவசாயி வீட்டுக் கார் தினமும் ஓடுவதில்லை. கல்யாணம், குலதெய்வக் கோயில், உரக்கடை, சந்தை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி... அவ்வளவுதான். மற்ற நாள்களில் வேப்பமரத்தடியிலோ, மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ நிற்கும். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதனாலேயே, 'இன்னும் 10,000 கிலோமீட்டர் ஆகலையே, இப்ப எதுக்கு சர்வீஸ்?' என்று இரண்டு, மூன்று வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள்.

பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் அந்த 10,000 கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே, 'அல்லது 12 மாதங்கள், எது முதலில் வருகிறதோ அது' என்று இருக்கும். தூசி நிறைந்த பாதையில் ஓடும் வண்டிக்கும், குறைந்த தூரமே போய் வரும் வண்டிக்கும் இன்னும் சீக்கிரமாக ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். மண் ரோட்டில் 2 கிலோமீட்டர் போய் வரும் கார் இந்த ரகம்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டியை அணைத்துவிட்டால், உள்ளே உண்டாகும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். 60 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடும் வண்டியில் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். பக்கத்து ஊர் வரை போய்த் திரும்பும் வண்டியில் போகாது. எனவே, மீட்டரைவிட காலண்டரைப் பார்த்து ஆயில் மாற்றுவதுதான் நல்லது. தைப்பொங்கலுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மாதம் ஒருமுறை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து சில நிமிடங்கள் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் போதும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று ஊற்றுவதும் இன்ஜினுக்குக் கெடுதல். உழவு நடக்கும் காலத்தில் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பஞ்சர் கடையில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக லேசாகக் காற்று அடித்தால் தூசி போகும். ரொம்பக் கறுத்துவிட்டால் புதிது போடுவதே சரி.

போர்வெல் தண்ணீர் வேண்டாம்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், பக்கத்தில் ஓடும் மோட்டாரில் பிடித்து ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். சொட்டுநீர்க் குழாயை அடைக்கிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜின் சூடேற ஆரம்பிக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும். வழியில் வேறு வழியே இல்லாமல் தண்ணீர் ஊற்றினால், ஊருக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு கூலன்ட் நிரப்பிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

தண்ணீர் ஊற்றும் ரக பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

ராத்திரி நேரத்தில் பிரசவ வலியோ, பாம்புக்கடியோ என்றால் வீட்டுக் காரைத்தான் முதலில் தேடுவார்கள். மூன்று வாரமாக நின்ற வண்டி அந்த நேரத்தில் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் போட்டால் என்ன செய்வது? நிற்கும் வண்டியிலும் கடிகாரம், லாக், அலாரம் என்று பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பெரிய பலன் இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம்கூட முழுதாகத் திரும்ப ஏறாமல் போகலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் பேட்டரியும் ஏறும், ஆயிலில் இருக்கும் ஈரமும் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களுக்கு இந்த ஓட்டம் கட்டாயம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் தானாகச் சுத்தமாகும்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்க்கலாம். நன்றாகத் துடைத்து, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டி, மேலே வாசலின் தடவிவிட வேண்டும்.

டிக்கியில் உர மூட்டை

விவசாயி வீட்டுக் காரை அதிகமாகத் தின்பது உரம்தான். பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. யூரியாவும், அமோனியம் சல்பேட்டும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மூட்டையின் தையலில் சிந்தும் ஒரு கைப்பிடி உரம், டிக்கி விரிப்புக்கு அடியில் போய் ஈரமாகவே கிடந்து தகட்டை அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே ஓட்டை விழுந்திருக்கும். பழைய காரை வாங்க வருகிற வியாபாரி முதலில் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

மூட்டை ஏற்றும்போது கெட்டியான தார்ப்பாயை ஓரங்கள் மேலே வருகிற மாதிரி விரிக்க வேண்டும். இறக்கியதும் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, டிக்கியைத் திறந்து காயவிட வேண்டும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி டப்பாக்களை ஆள்கள் உட்காரும் இடத்தில் வைக்கவே கூடாது. அதிலும் குழந்தைகள் வரும்போது.

கதவுகளின் அடி விளிம்பில் சிறு சிறு துளைகள் இருக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்கான வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஈர்க்குச்சியால் குத்திவிட்டாலே போதும். வயலுக்குப் போய் வந்தால், சக்கர வளைவுகளுக்கு உள்ளேயும், வண்டிக்கு அடியிலும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும்.

கழுவும் முறையிலும் கவனம் தேவை. புழுதியைக் காய்ந்த துணியால் துடைப்பது, மணலை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டுப் பிறகுதான் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். கார் ஷாம்பூ போதும். பறவை எச்சம், மரத்துப் பிசின் இரண்டையும் அன்றன்றே கழுவிவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டில் தழும்பு விழும். ஈரமான வண்டியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடினால், நிழல் கிடைத்தாலும் பெயின்ட் கொப்பளிக்கும்.

எலியும் வைக்கோலும்

தீவனம், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எலி கூடு கட்டும், வயரைக் கடிக்கும். ரச கற்பூர உருண்டை போடுவதை நம்ப முடியாது. அந்த வாசனை வண்டிக்குள் வருவதுதான் மிச்சம். வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பார்ப்பதே நிச்சயமான வழி. காய்ந்த புல், வைக்கோல் துண்டு இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். சூடான சைலன்சர் குழாயில் வைக்கோல் பட்டால் தீப்பிடிக்கும். ரோட்டில் கொள்ளுச்செடி, கேழ்வரகுக் கதிர் காயப்போட்டிருந்தால், கடந்ததும் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. அடியில் சுற்றிய தாளில் தீப்பற்றிக் கார்கள் எரிந்த சம்பவங்கள் உண்டு.

மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே டயரைப் பார்த்துவிடலாம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். பள்ளம் இருந்தாலும் வயதையும் பார்க்க வேண்டும். டயர் ஓரத்தில் '2319' என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நின்றே பழசான டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மழை நாள்களில் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கலாம். பிரேக் ஒட்டிக்கொள்ளாது.

ஓடையைக் கடக்கும்போது தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால், திரும்ப சாவியைத் திருகக் கூடாது. உள்ளே போன தண்ணீர் பிஸ்டன் தண்டை வளைத்துவிடும். டிராக்டரைக் கட்டி இழுத்துக் கரையேற்றி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.