முன்பாரம், பின்பாரம், ஒரு படகு

கிள்ளானிலிருந்து திரெங்கானுவின் கென்யிர் ஏரிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். 1985இல் கட்டி முடிக்கப்பட்ட அணை தேக்கிய நீர் அது. மூழ்காமல் தப்பிய குன்றுகளின் உச்சிகள் இன்று தீவுகளாக நிற்கின்றன. நம்மூர் விராலுக்கு உறவான தோமான் மீனைத் தேடித் தூண்டில்காரர்கள் அங்கே போகிறார்கள். பிக்கப் வைத்திருப்பவர் படகை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் இருப்பது ஏழு பேர் உட்காரும் எம்பிவி என்றால், முதலில் அதன் கையேட்டைத் திறக்க வேண்டும். எதையும் இழுக்கக் கூடாது என்றே சில வண்டிகளின் கையேடு சொல்கிறது. அப்படிச் சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அனுமதி உள்ள வண்டிக்கு அரை டன் படகை இழுப்பது பெரிய வேலையில்லை. சிக்கல் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த எடைக் கணக்கு அந்தக் கால மாட்டு வண்டிக்காரர்களுக்குப் பழகியது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் அத்தாப்புக் குடிசைகளின் இடத்தில் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் கொடுத்த பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். அன்றைய ஊரின் சுமைகளை இழுத்தவை மாட்டு வண்டிகள். பாரம் ஏற்றுகிறவர் முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்கும். பின்பாரம் மிஞ்சினால் வண்டி பின்னால் சாய்ந்து நுகத்தடி மேலே எழும்பும்.

படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லருக்கும் இதே கணக்குதான். படகு டிரெய்லரின் மூக்கு, மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை வண்டியின் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது பொதுவான வழக்கம். படகுக்கோ பிறவியிலேயே பின்பாரம்: 70 முதல் 100 கிலோ எடையுள்ள இன்ஜின் அதன் வாலில் தொங்குகிறது. டிரெய்லரும் படகும் சேர்ந்து 500 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு 3.5 மீட்டர் தூரம், மூக்கின் அழுத்தம் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் இருந்த 20 கிலோ ஐஸ் பெட்டியை 2.5 மீட்டர் பின்னால் நகர்த்தினால் அந்த அழுத்தம் 14 கிலோ குறைந்து 26 ஆகிவிடும். ஒரு பெட்டியை இடம் மாற்றியதற்கே இவ்வளவு! வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசை மூக்கின் அடியில் வைத்தாலே இதை அளந்துவிடலாம்.

பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகம் கூடும்போது பாம்புபோல் நெளியத் தொடங்கும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜோஸ் டார்லிங் குழுவினர் எடையை இடம் மாற்றக்கூடிய ஒரு சோதனை டிரெய்லரை ஓட்டிப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறைந்த வேகத்தில் ஆட்டம் தானாக அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அது அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வரும். ஒரு வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பெரிய லாரி ஒன்று முந்திச் செல்லும்போது தள்ளும் காற்றே அதைத் தொடங்கிவைக்கப் போதும். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பத்தான் கை துடிக்கும். அது ஆட்டத்தை வளர்க்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுப்பதே வழி.

அடுத்தது, ஏரிக்குப் போகும் வழியில் வரும் காராக் நெடுஞ்சாலை. கோம்பாக்கில் தொடங்கும் ஏற்றம் ஏறக்குறைய 600 மீட்டர் உயரமுள்ள கெந்திங் செம்பா வரை போகிறது. ஏறும்போது கியர் எண்ணெய் சூடேறும். ஆனால் இறக்கம்தான் கடினமான பாதி. குடும்பம், சாமான், படகு எல்லாம் சேர்ந்து 2,600 கிலோ. பெந்தோங் பக்கம் 450 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல், ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் டயரின் உரசலும் ஒரு பங்கைத் தின்னும். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் இருக்காது என்பதால் மிச்சம் முழுக்க வேனின் தலையில். ஓட்டுநர் குறைந்த கியருக்கு மாறினால் இன்ஜின் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும்.

ஏரிக்கரைச் சரிவில் வேறொரு சோதனை. 2022 முதல் வந்த இன்னோவா செனிக்ஸும், பெரோடுவா அல்சாவும் முன்சக்கரங்களால் ஓடுபவை. கொக்கியில் விழும் எடை வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன்பக்கத்தைச் சற்றே தூக்கும். பாசி படிந்த ஈரச் சரிவில் படகை மேலே இழுக்கும்போது, பிடிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் சக்கரங்களில்தான் அது மிகக் குறைவாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது பேரிங். டிரெய்லரின் சக்கரம் சிறியது. விட்டம் 50 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 950 தடவைக்கு மேல் சுற்றும். பேரிங்கை உள்ளே வைத்திருக்கும், ஓட்டத்தில் சூடேறிய அச்சுக்கூட்டைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் முத்திரை வளையத்தைத் தாண்டி உறிஞ்சப்படும். கிரீஸ் பால்போல் வெளுக்கும், உருளைகள் துருப்பிடிக்கும். கடல் நீரென்றால் இன்னும் வேகமாக. பேரிங் ஏரியில் நின்றுபோகாது, வீடு திரும்பும் வழியில்தான் உருகிப் பிடிக்கும். சேர்ந்தவுடன் படகை இறக்காமல் அரைமணி நேரம் காத்திருப்பதும், விளக்கின் இணைப்பைக் கழற்றுவதும் அதனால்தான். சூடான பல்பும் குளிர்ந்த நீரில் வெடிக்கும்.

திரும்பும் வழியில் தெமர்லோவில் பாத்தின் மீன் குழம்புக்காக நிறுத்துகிறவர்கள் உண்டு. சாப்பிட உட்காரும் முன் டிரெய்லரின் இரண்டு அச்சுக்கூடுகள் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரேபோல் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாதபடி சுட்டால், படகு அன்று அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.