பனித்தளமோ டேராடூனில், பாண்டுப்புக்குச் சக்கரமே துணை

புது தில்லி: மும்பை பாண்டுப் பகுதிச் சிறுமி ஒருத்தி ஃபிகர் ஸ்கேட்டிங் கற்க விரும்பினால், ஒலிம்பிக் அளவிலான உள்ளரங்கப் பனித்தளத்தைத் தேடி 1,500 கி.மீ.க்கும் அப்பால் உள்ள டேராடூனுக்குச் செல்ல வேண்டும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட அத்தளமும் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது.

இந்நிலையில் இன்லைன் ஸ்கேட்தான் கைகொடுக்கிறது. ஒரே வரிசையில் பொருத்தப்பட்ட சக்கரங்களில் நடுச் சக்கரங்கள் சற்றே தாழ்ந்திருந்தால், பனிக் காலணியின் வளைந்த கத்தியைப் போலவே திரும்பவும் சுழலவும் இயலும். முனையிலுள்ள ரப்பர் தடுப்பு, ஊன்றித் தாவ உதவுகிறது. ஆனால் சக்கரம் பனியில் கத்தி வழுக்குவதுபோல் பக்கவாட்டில் வழுக்காது. சிமென்ட் தரையில் விழுந்தால் அடியும் பலம். எனவே இது பனிக்குத் துணையே தவிர, ஈடல்ல.

திறமைக்குப் பஞ்சமில்லை. 2010 குவாங்சு ஆசிய விளையாட்டில், சக்கர ஸ்கேட்டிங்கின் கலைப் பிரிவில் அனூப் குமார் யாமா தனிநபர், இணை ஆகிய இரண்டிலும் வெண்கலம் வென்றார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025-இல் இன்லைன் வேகப் போட்டியில் உலக சாம்பியன் ஆனார்.

அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனத்தில் விளையாட்டு இடம்பெற்றுள்ளது. எனவே முதன்மைப் பொறுப்பு மாநில அரசுடையது. பனித்தளம் எட்டாக்கனியாக இருக்கும்வரை, நெரிசல் மிகுந்த புறநகரில் வழவழப்பான ஒரு தரையாவது கிடைக்குமா என்பதே கேள்வி.