நான்கு எழுத்தை நம்பி ஆள் எடுக்கலாமா?

சில வருடங்களுக்கு முன்பு எனது ஹார்ட்வெயார் கடைக்கு விற்பனையாளர் ஒருவர் தேவைப்பட்டார். எட்டுப் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அப்போது மனிதவள முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகன், "மாமா, இப்ப பெரிய கம்பனிகள்ல ஆளுமைப் பரீட்சை வச்சுத்தான் ஆள் எடுக்கிறாங்க. நாமளும் வச்சுப் பார்ப்பமே" என்றார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வினாக்கொத்து ஒன்றை அவரே தமிழில் எழுதித் தந்தார்.

கடைசியில் இருவர் எஞ்சினார்கள். ஒருவர் கலகலப்பாகப் பேசுபவர். "வெளிநோக்கு உடையவர், விற்பனைக்கு ஏற்றவர்" என்றது பரீட்சை. மற்றவர் வேறொரு ஹார்ட்வெயார் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். அவரை "உள்நோக்கு உடையவர்" என்றது. நான் முதலாமவரையே எடுத்தேன். அவர் கெட்டவரல்லர். ஆனால் அளவு எழுதுவதில் கவனம் போதாது. பிழையான அளவில் வெட்டிய கூரைத் தகடுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஆறு மாதத்தில் அவராகவே விலகிக்கொண்டார். நான் அனுப்பிவிட்ட மற்றவரோ இன்று எங்கள் தெருவிலேயே இன்னொரு கடையில் இருக்கிறார். மேசன் பாஸ்மார் அவரைத் தேடிப் போய்ச் சாமான் வாங்குகிறார்கள்.

ஒரு கடையின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. ஆகவே இந்தப் பரீட்சைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆள் எடுக்கப் போகும் வியாபாரிகளுக்கு உதவலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது?

இவ்வகையில் மிகப் பிரபலமானது மயர்ஸ்-பிரிக்ஸ் பரீட்சை. நாங்கள் வைத்தது அதைப் பார்த்துச் செய்த ஒரு பிரதிதான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் கதரீன் பிரிக்ஸ், அவரது மகள் இசபெல் மயர்ஸ் ஆகிய இருவரும் இதை உருவாக்கினார்கள. இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். நான்கு அம்சங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒரு பக்கத்தில் நம்மை நிறுத்துவார்கள். இப்படி நான்கு எழுத்துக்கள் கிடைக்கும். மொத்தம் 16 வகை மனிதர்கள்.

குறை எங்கே?

ஐந்தரை அடிக்கு மேற்பட்டவர் நெட்டை, குறைந்தவர் குட்டை என்று ஊரையே இரண்டாகப் பிரித்தால் என்ன நடக்கும்? பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சப்பாத்தை மாற்றினாலே வகை மாறிவிடும். குணமும் அப்படித்தான். ஐந்து வாரம் கழித்து அதே பரீட்சையை மீண்டும் எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குள் விழக்கூடும் என்று டேவிட் பிட்டெஞ்சர் என்ற உளவியலாளர் 1993இல் எழுதினார். காலையில் ஒரு நிறை, மாலையில் ஒரு நிறை காட்டும் தராசை நாம் கடையில் வைத்திருப்போமா?

அடுத்தது, வேலை தேடி வருபவருக்கு முதலாளி எதை விரும்புகிறார் என்று தெரியும். விற்பனை வேலைக்கு வந்தவர் "எனக்கு ஆட்களோடு பழகப் பிடிக்காது" என்று எழுதுவாரா?

மூன்றாவது, நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகள் பொருந்துமா என்பது. விருந்துகளில் நீங்கள் அதிகம் பேசுவீர்களா என்று எங்கள் வினாக்கொத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் அனுப்பிவிட்ட அந்த இளைஞரிடம் பிறகொரு நாள் இதுபற்றிக் கேட்டேன். "முதலாளி, கலியாண வீட்டுல வாப்பா, பெரியப்பாவெல்லாம் இருக்கிற சபையில நான் எப்படி வாய் திறக்கிறது?" என்றார். அவர் எழுதியது மரியாதை. நாங்கள் அதைக் கூச்சம் என்று வாசித்து ஒரு வேலையைப் பறித்துவிட்டோம்.

இந்தப் பரீட்சையை விற்கும் நிறுவனமே, ஆள் தெரிவு செய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பிறகு ஏன் சரியாகத் தோன்றுகிறது?

என் முடிவை வாசித்தபோது எனக்கே "அப்படியே என்னைச் சொல்கிறது" என்றுதான் தோன்றியது. பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, அதன் முடிவு என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது 5க்குச் சராசரியாக 4.26 புள்ளி கொடுத்தார்கள். உண்மையில் எல்லோருக்கும் கிடைத்தது ஒரே தாள்! அதிலிருந்த வசனங்களில் பெரும்பாலானவை சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்த ஆய்வு 1949இல் வெளிவந்தது.

எது பயன் தரும்?

ஆளுமையை அளப்பதே வீண் என்பதல்ல. வகை பிரிக்காமல், ஐந்து குணங்களை அளவுகோலில் வைத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அவற்றில் பொறுப்புணர்ச்சி என்ற குணம் எல்லாவகை வேலைகளிலும் ஓரளவு பலன் காட்டுகிறது என்று பெரிக், மவுண்ட் ஆகிய இருவரும் 1991இல் எழுதினார்கள். ஆனாலும் அது ஓரளவுதான். சாக்கெட் என்பவரும் அவரது குழுவினரும் 2022இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, முதலிடம் பிடித்தது ஒழுங்குபடுத்திய நேர்முகப் பரீட்சை. அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே முறையில் புள்ளி போடுவது. வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பதும், வேலை பற்றிய அறிவைச் சோதிப்பதும் நல்ல பலன் தருபவை.

இப்பொழுது நான் செய்வது இதுதான்:

1. வருகிற எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்விகள். பதிலுக்குப் பதில் அங்கேயே புள்ளி. மகனும் தனியாகப் புள்ளி போடுவார். பிறகு ஒப்பிடுவோம்.

2. ஒரு கூரையின் நீள அகலத்தைக் கொடுத்து, எத்தனை தகடு வேண்டும் என்று கணக்கிட்டுப் பற்றுச்சீட்டு எழுதச் சொல்வேன்.

3. வந்திறங்கிய சரக்கைப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்வேன். ஒரு பொருளை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பேன்.

4. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிப்பேன்.

இதற்கு ஆளுக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. அந்த வினாக்கொத்துக்கு இருபது நிமிடம்தான் போனது. ஆனால் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டையும் நமது கல்லாப் பெட்டியையும் ஒன்றாகத் தீர்மானிக்கிற விடயத்துக்கு ஒரு மணித்தியாலம் அதிகமில்லை.