காலேஜில் ஒரு கர்னல்!

அமெரிக்கக் கல்லூரிகளில் ராணுவ அதிகாரிகளும் பாடம் நடத்துகிறார்கள். படித்துக்கொண்டே மாணவர்கள் ராணுவப் பயிற்சி பெறலாம். 1916 முதல் இந்த ஏற்பாடு.

காலின் பவல் நியூயார்க் சிட்டி காலேஜ் மாணவர். கறுப்பர். படிப்பில் சுமார்தான், பயிற்சியில் புலி! 1957-ல் கோடை முகாமுக்குத் தெற்கே கிளம்பினார். அங்கே நிறவெறி அதிகம். ஜாக்கிரதையாக இருக்கும்படி கல்லூரிக் கர்னல் சொல்லி அனுப்பினார்.

முகாமில் பவலுக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஏன் இல்லை? வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவர் ரகசியத்தை உடைத்தார். முதல் மாணவன் கறுப்பன் என்று தென் மாநிலப் பயிற்சி அதிகாரிகள் ஊர் திரும்பிச் சொல்வார்களா என்று கேட்டார். இப்படியும் வாத்தியார்கள்!

பவல் பின்வாங்கவில்லை. 1958-ல் லெப்டினன்ட் ஆனார். 1989-ல் முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவர்! அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பர் அவர்தான். கல்லூரிப் பயிற்சியிலிருந்து வந்தவர்களிலும் அவரே முதல்வர்.