கொட்டகையை இடிக்க வேண்டுமா? ஆந்தையைக் கேளுங்கள்!

இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் பழைய தானியக் கொட்டகையை இடிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் அவருடையது. கொட்டகையும் அவருடையது. ஆனாலும் இஷ்டப்படி இடித்துவிட முடியாது!

ஏன்? உள்ளே குடித்தனக்காரர்கள் இருக்கலாம். வாடகை தராதவர்கள். பகலில் தூங்கி, இரவில் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் கூகை. மற்றவர் வௌவால்.

ஆந்தைக்கு ஜன்னல்

அந்தக் காலத்தில் அங்கே கொட்டகை கட்டும்போதே சுவரின் உச்சியில் ஒரு துவாரம் விடுவதுண்டு. ஆந்தை வந்து போகத்தான்! தானியத்தைத் தின்ன எலி வரும். எலியைத் தின்ன கூகை வரும். இது நம் ஊர்க் கூகைக்கு நெருங்கிய சொந்தம். இதன் அலறலைக் கேட்டுப் பயந்தவர்கள் அங்கும் உண்டு. கொன்று, கதவில் ஆணியடித்து மாட்டியவர்களும் உண்டு!

இன்று பழைய கொட்டகைகள் பல, வீடுகளாக மாறுகின்றன. துவாரங்கள் அடைபடுகின்றன.

ஆறு மாதம் ஜெயில்

1981-ல் வந்த சட்டம் இவற்றைக் காக்கிறது. கூடு கட்டிய கூகையைத் தெரிந்தே கலைத்தால் குற்றம். வௌவால் தங்கும் இடத்தை அழித்தாலும் குற்றம்; அந்த நேரத்தில் வௌவால் அங்கே இல்லாவிட்டாலும் குற்றந்தான். ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

சுமார் 5 கிராம் எடையுள்ள சின்ன வௌவால், ஒரே இரவில் 3,000 பூச்சிகள் வரை தின்னும். ஆனால் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். தாய்கள் கூடியிருக்கும் கூரையை ஒருமுறை கலைத்தால், அந்தக் கூட்டம் தலையெடுக்கப் பல வருஷம் ஆகும்.

புழுக்கையும் சாட்சி

ஆகவே, முதலில் நிபுணர் வந்து பார்க்கிறார். தரையில் கிடக்கும் புழுக்கையை நசுக்குகிறார். எலிப் புழுக்கை கெட்டியாக இருக்கும். வௌவால் புழுக்கை பொடியாக உதிரும். அதில் பூச்சிச் சிறகுகள் மின்னும்! கூகை கக்கிய கறுப்பு உருண்டைக்குள் எலி எலும்பு கிடக்கும்.

கூகை முட்டையிட்டிருந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை வேலையை நிறுத்த வேண்டும். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மேஸ்திரி முணுமுணுக்கத்தான் செய்வார்! வௌவால் இருந்தால் அரசாங்க லைசென்ஸ் வேண்டும்.

இடிப்பதற்கு முன்பே பக்கத்தில் மரப்பெட்டி ஒன்று தயாராக வேண்டும். பெட்டியின் வாசலிலிருந்து அடிப்பலகை வரை ஒன்றரை அடி ஆழம் அவசியம். ஆழம் குறைந்தால், பறக்கத் தெரியாத குஞ்சு வாசலுக்கு ஏறி வந்து கீழே விழுந்து சாகும்.

புதுக் கூரையிலும் ஓர் ஆபத்து. இக்காலத்தில் ஓட்டுக்கு அடியில் விரிக்கும் காற்றோட்டமான விரிப்புகள் பலவற்றில் வௌவாலின் நகம் பட்டு நூல் பிரியும். அந்த நூலில் சிக்கி அது தொங்கியபடியே செத்துப்போகும். அதனால் வௌவால் குடியிருக்கும் கூரைக்குப் பழைய தார் விரிப்பே நல்லது என்கிறார்கள்.

ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் இடுக்கு விட்டால் போதும், சின்ன வௌவால் நுழைந்துவிடும். அந்த இடுக்குக்கு நேரே விளக்கு மட்டும் போடக்கூடாது. வெளிச்சம் விழுந்தால், மாடிக் குடித்தனம் வெளியே கிளம்பத் தயங்கும்!