கார்த்திகைப்பூவின் கலப்பை

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் இருக்கிறது பாப்பாமோட்டை. மோட்டை என்றால் வன்னி வழக்கில் சிறுகுளம். இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். மழை வாடைக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வரும். அந்த மழைக்காக மண்ணுக்குள் காத்திருக்கும் காட்டுக் கொடிதான் கார்த்திகைப்பூ. சங்கப் புலவர்களுக்கு இது காந்தள், சிங்களத்தில் நியங்கலா.

கோடையில் செடி இருந்த அடையாளமே தெரியாது. கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். இரு கிளையாக வளைந்து கலப்பை போல் இருப்பதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர். மழை பெய்ததும் அதன் நுனியிலிருந்து தளிர் எழும். பழைய கிழங்கு தன் சேமிப்பைக் கொடுத்துவிட்டுச் சுருங்க, புதுக் கிழங்கு அடுத்த ஆண்டுக்காகத் திரளும்.

தண்டு மெலிது, தானாக நிற்காது. ஆனால் இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். பக்கத்துச் சூரையையோ காரையையோ பிடித்து ஏறும். முள் ஆடு மாடுகளைத் தடுக்க, செடி பிழைத்துக்கொள்ளும். பற்றையை வெட்டினால் கார்த்திகைப்பூவுக்கு ஏணியும் போய்விடும், காவலும் போய்விடும்.

பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆகச் செம்மை ஏறும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து பக்கவாட்டில் நீண்டிருக்கும். 1753இல் லின்னேயசு இதற்கு வைத்த பெயர் ‘குளோரியோசா சூப்பர்பா’. முன்பு அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இதை, இன்று கொல்சிகேசியே குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

செடி முழுவதும் நஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கும். வள்ளிக்கிழங்கென்று எண்ணித் தின்று இலங்கையில் பலர் இறந்திருக்கிறார்கள். அதே கொல்சிசின், மருத்துவர் அளந்து கொடுத்தால் கீல்வாத வகையான ‘கவுட்’ நோய்க்கு மருந்து. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கவும் அது உதவியது.

இந்த மருந்துக்காகவே தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பந்தலில் ஏற்றி விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அங்கே இது மாநில மலரும்கூட. ஆனால் நடுவதற்கான கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்ததால் பல இடங்களில் காட்டுச் செடி குறைந்துவிட்டது.

மன்னார்க் கரையில் வளவு துப்புரவாக்குபவர்கள் வேலியோரத்துப் பற்றையில் ஒரு பகுதியையாவது விட்டுவையுங்கள். பூவைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிழங்கை மட்டும் தோண்டாதீர்கள்.